படுத்திருந்த அம்பு

எங்கள் வீட்டு இரண்டாவது படுக்கையறையில் மூன்று சுவர்களையும் ஒட்டி ஊன்றுகோல்கள் நிற்கின்றன. கக்கத்தில் இடுக்கிக்கொள்ளும் மரக்கட்டைகள், முழங்கையில் மாட்டிக்கொள்ளும் இரும்புக் குழாய்கள், வளைந்த பிடி வைத்த கைத்தடிகள். எல்லாம் ஏதோ ஒரு காலத்தில் ஏதோ ஒரு ராணுவ ஆஸ்பத்திரியில் காயம்பட்ட சிப்பாய்களுக்குக் கொடுத்தவை. அப்படி நான் நம்புகிறவை. அந்த அறைக்கு வெளியே, ஹாலில், சுவரைப் பிடித்துக்கொண்டு நான் நடந்துகொண்டிருந்தேன்.

இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. ஆனால் மும்பை செம்பூரில் எங்கள் அடுக்குமாடிச் சொசைட்டியில் இருக்கிறவர்களுக்குப் புரிந்திருந்தது. லிஃப்டில் ஏறினால் ஒருவர், குப்பை போடப் போனால் இன்னொருவர். வீடு நிறையக் கட்டையை வைத்துக்கொண்டு இப்படி நொண்டுவானேன், ஒன்றை எடுத்து ஊன்றிக்கொண்டால் என்ன என்று கேட்பார்கள். கேட்டுவிட்டு, இந்த யோசனை உலகத்தில் முதல்முதலாகத் தங்களுக்குத்தான் தோன்றியது போல ஒரு பார்வை பார்ப்பார்கள். நகைக்கடைக்காரர் கடையில் இருக்கிற வளையலையெல்லாம் கையில் மாட்டிக்கொண்டா கல்லாவில் உட்காருகிறார் என்று சொசைட்டி செக்ரட்டரியிடம் ஒருநாள் கேட்டே விட்டேன். அதற்கும் சிரித்தார்.

வலது மூட்டு தேய்ந்துவிட்டது. டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்து, எனக்குக் கற்றுக்கொடுப்பது போல விரலால் காட்டினார். மூட்டை மாற்றிவிடலாம் என்றால் என் இதயம் அந்த ஆபரேஷனைத் தாங்காது. தேய்ந்தது வளரப்போவதில்லை. ஆகையால் கோல் ஊன்றித்தான் நடக்க வேண்டும், இருக்கிறவரைக்கும். இதைச் சொல்லிவிட்டு அவர் அடுத்த பேஷண்டைக் கூப்பிட்டார். வெளியே வந்ததும் என் மனைவி என் கையிலிருந்த எக்ஸ்ரே உறையை வாங்கிக்கொண்டாள்.

"கீழ விழுந்தேள்னா உங்களைத் தூக்கி நிறுத்த என்னால ஆகாது. அதை மட்டும் நெனச்சுக்கோங்கோ" என்றாள்.

பெங்களூரில் இருக்கும் எங்கள் பெண் ஆன்லைனில் ஓர் அலுமினியக் கோல் வாங்கி அனுப்பினாள். பட்டனை அமுக்கினால் நீளும், மடக்கினால் பைக்குள் போகும், இருட்டில் அடியில் விளக்கு வேறு எரியும். திரைச்சீலைக் கம்பி மாதிரி இருந்தது. பரணில் ஏற்றிவிட்டேன். சேகரித்தவற்றில் ஒன்றை எடுக்கலாம்தானே என்றால், முடியாது. பழைய ஊன்றுகோலில் முக்கியமான சாட்சியே அதன் தேய்மானம்தான். கை பட்டு எங்கே வழுவழுப்பாகியிருக்கிறது, அடிமுனை எந்தப் பக்கம் சாய்வாகக் கரைந்திருக்கிறது என்று பார்த்து அதை வைத்திருந்தவனுக்கு எந்தக் காலில் அடி என்றுகூட நான் சொல்லிவிடுவேன். அதன்மேல் என் தேய்மானத்தையும் ஏற்றினால் எல்லாம் குழம்பிப்போகும். இப்படித்தான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். கிழவன் மாதிரித் தெரிய எனக்கு இஷ்டமில்லை என்பதைச் சொல்லவில்லை.

நான் வேலை பார்த்தது சர்க்கார் கொள்முதல் சாமான்களைப் பரிசோதிக்கும் ஓர் ஆபீசில். வந்து இறங்கும் பொருள் தன்னை என்னவென்று சொல்லிக்கொள்கிறதோ அதுதானா என்று முத்திரையைப் பார்த்துச் சொல்ல வேண்டும். வருஷக்கணக்கில் அதைச் செய்தவனுக்கு ரிடையர் ஆன மறுநாள் காலையில் பார்ப்பதற்குப் பால் பாக்கெட்டின் மேலிருக்கிற தேதிதான் மிச்சம். யாரும் எதையும் கொண்டுவந்து காட்டி இது அசலா என்று கேட்பதில்லை. குர்லாவில் ஒரு பழைய சாமான் கடையில் ராணுவ முத்திரை போட்ட கைத்தடி ஒன்றைப் பார்த்தபோது எனக்கு மறுபடியும் உத்தியோகம் கிடைத்துவிட்டது போல இருந்தது. அப்படித்தான் இது ஆரம்பித்தது.

வெள்ளைக்காரன் காலத்து ராணுவப் பொருள் என்றால் அம்பு முத்திரை இருக்க வேண்டும். மூன்று கோடுகள் ஓர் உச்சியில் வந்து சேரும், கோழிக்கால் தடம் மாதிரி. இந்தியாவுக்கென்று வந்தவற்றில் கூடவே ஐ என்ற ஆங்கில எழுத்தும் இருக்கும். இதைத் தெரிந்துகொள்வதில் பெருமை ஒன்றும் இல்லை, ஏனென்றால் பழைய சாமான் விற்கிற அத்தனை பேருக்கும் இது தெரியும். அவர்களே உளியை எடுத்து ஆளுக்கொரு அம்பு போட்டுவிடுவார்கள். ஆகவே அம்பைப் பார்த்தால் போதாது, அம்பின் உட்புறத்தைப் பார்க்க வேண்டும். பழைய வெட்டு உள்ளேயும் கறுத்து, விளிம்பு மழுங்கி இருக்கும். புதிய வெட்டில் மரம் வெளுப்பாகத் தெரியும். சிலர் அதற்கும் ஷூ பாலிஷ் தடவுவார்கள். மோந்து பார்த்தால் தெரிந்துவிடும். கடை வாசலில் நின்று கட்டையை மூக்கருகே வைத்து மோந்து பார்க்கும் மனிதனை மும்பைக்காரர்கள் எப்படிப் பார்ப்பார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஆணி இன்னொரு தொல்லை. நூறு வருஷத்துக் கட்டை என்று சத்தியம் பண்ணுவான். திருப்பிப் பார்த்தால் நட்சத்திரத் தலை ஸ்க்ரூ பளபளக்கும். சுட்டிக்காட்டினால், அது ரிப்பேர் சார் என்பான். அடி ரப்பர் புதிதாக இருந்தால் அதுவும் ரிப்பேர். பிடி பிளாஸ்டிக்காக இருந்தால் அதுவும் ரிப்பேர். ரிப்பேர் ஆகாத பாகம் எதுவென்று கேட்டால் கோபம் வந்துவிடும்.

வீட்டுக்கு வெளியே இப்படி என்றால், உள்ளே வேறு மாதிரி. சொசைட்டியில் யாருக்காவது கால் பிசகினால், பெயர்ந்தால், பிளாஸ்டர் போட்டால் நேரே எங்கள் வீட்டு மணியைத்தான் அடிப்பார்கள். நாலு நாளைக்கு ஒரு கட்டை கொடுங்கோ, சும்மாதானே நிற்கிறது என்பார்கள். இது லைப்ரரி இல்லை என்று நான் சொல்லிவிடுவேன். மெடிக்கல் கடைக்கு வழியும் சொல்லி அனுப்புவேன். கதவைச் சாத்தியதும் என் மனைவி என்னைப் பார்க்காமல் சமையலறைக்குப் போய்விடுவாள்.

நான் சொல்ல வந்த கட்டை தாராவியில் கிடைத்தது. பழைய மரச் சாமான்களைப் பிரித்து விற்கும் கடை. திருநெல்வேலிப் பக்கத்து அண்ணாச்சி ஒருவர் நடத்துகிறார். உடைந்த கட்டில் கால்களுக்கு நடுவில் அது சொருகியிருந்தது. கக்கத்துக் கட்டை, ஒற்றை. ஜோடி இல்லை. தேக்கு. மேலே இரண்டாகப் பிரிந்து கீழே ஒன்றாகச் சேரும் இடத்தில் ஒரு பித்தளைப் பூண். கக்கத்தில் வைக்கும் குறுக்குக் கட்டை ஒரு பக்கமாகச் சற்றுச் சரிந்திருந்தது. அந்தக் குறுக்குக் கட்டையின் பக்கவாட்டில் அம்பு. உள்ளே நன்றாகக் கறுத்திருந்தது. ஷூ பாலிஷ் வாசனை இல்லை. நகத்தால் மெதுவாகச் சுரண்டிப் பார்த்தேன்.

"பட்டாளத்து சாமான் சார். பூனாவுல இருந்து லாட்டா வந்தது. நம்புனா எடுங்க, நம்பாட்டி வச்சுட்டுப் போங்க, சும்மா போட்டுச் சொரண்டாதிய" என்றார் அண்ணாச்சி.

அவர் எல்லாவற்றையும் பட்டாளத்து சாமான் என்றுதான் சொல்வார். ஒருமுறை ஒரு தொட்டிலையே அப்படிச் சொன்னவர். ஆனால் இந்த முறை அவர் பொய் சொல்லப்போய் உண்மையாகிவிட்டது என்று எனக்குத் தோன்றியது. காரணம், பூணில் இருந்த மூன்று ஆங்கில எழுத்துகள். சின்னச் சின்னப் புள்ளிகளால் குத்தியவை. கடைசி எழுத்து எம். எம் என்றால் மெடிக்கல். முதல் இரண்டும் டிப்போவின் பெயரோ, செய்து கொடுத்த கம்பெனியின் பெயரோ. யுத்த காலத்தில் சீமையிலிருந்து கப்பல் வராமல் இங்கேயே தேக்கில் செய்யச் சொல்லியிருப்பார்கள். அதனால்தான் அந்த மரம். பம்பாயிலேயே செய்த ராணுவ ஊன்றுகோல் இதுவரை நான் அறிந்த எந்தச் சேகரிப்பிலும் கிடையாது. வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் மூட்டு வலிக்கவே இல்லை.

புனாவில் இருக்கும் ராணுவ டாக்டர் ஒருவருக்குப் படம் பிடித்து அனுப்பினேன். மராட்டிக்காரர், ரிடையர் ஆனவர். இந்தத் துறையில் அவர் சொன்னால் எல்லோரும் ஒத்துக்கொள்வார்கள். என்னைப் போல ஊன்றுகோல் சேர்க்கும் ஏழெட்டுப் பேர் இந்த நாட்டில் இருக்கிறோம். அத்தனை பேரும் அவர் தலையசைப்புக்குக் காத்துக்கிடப்போம். அவர் ஒரே வரியில் பதில் போட்டார். அம்பு ஏன் படுத்துக்கொண்டிருக்கிறது என்று.

உண்மைதான். கட்டையை நிமிர்த்தி வைத்தால் அம்பு மேலே பார்க்காமல் பக்கவாட்டில் பார்த்தது. முத்திரை குத்துகிறவன் அவசரத்தில் கட்டையைப் படுக்கவைத்துக் குத்தியிருப்பான் என்று எழுதினேன். ராணுவத்தில் அப்படிச் செய்ய மாட்டார்கள் என்றார். செய்வார்கள் என்றேன். ஐ எழுத்து எங்கே என்றார். தேய்ந்துவிட்டது என்றேன். குறுக்குக் கட்டை ஏன் சரிந்திருக்கிறது என்றார். அதுவும் தேய்மானம், எடை அதிகமுள்ள ஆள் வைத்திருந்திருக்கிறான் என்றேன். தேக்கு அவ்வளவு தேயாதே என்றார். ஒரு மழைக்காலம் முழுக்க இப்படியே போயிற்று. போனைக் கீழே வைத்துவிட்டு நான் ஹாலில் சுவரைப் பிடித்துக்கொண்டு குறுக்கும் நெடுக்கும் நடப்பேன். என் மனைவி டிவியின் சத்தத்தைக் கூட்டுவாள். கடைசியில் அவர், மும்பைக்கு ஒரு கல்யாணத்துக்கு வருகிறேன், கட்டையை நேரில் பார்த்துச் சொல்கிறேன் என்றார். எனக்கு அது போதும். முத்திரையைப் பார்த்துச் சொல்வதில் நான் ஏமாந்ததில்லை என்று இன்னொரு மனிதர் வாயால் ஒருமுறை கேட்டுவிட வேண்டும், அவ்வளவுதான் வேண்டியிருந்தது.

அவர் வருவதற்கு முன் பூணைக் கொஞ்சம் துடைத்து வைக்கலாம் என்று டைனிங் டேபிளில் கட்டையைக் கிடத்தினேன். பித்தளையைத் தேய்த்தால் பழமை போய்விடும். அதனால் பஞ்சில் எண்ணெய் தொட்டு எழுத்துகளை மட்டும் ஒற்றிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் உட்கார்ந்து கொத்தவரங்காய் நறுக்கிக்கொண்டிருந்த என் மனைவி தலையைச் சாய்த்துப் பார்த்தாள்.

"ஏன்னா, இது பாத்திரத்துல பேர் வெட்டறவன் வெட்டினதுன்னா" என்றாள்.

இல்லை என்றேன். அவள் எழுந்து சமையலறைக்குப் போய், கல்யாணத்தில் அவள் வீட்டார் கொடுத்த பித்தளைச் செம்பை எடுத்துவந்து கட்டைக்குப் பக்கத்தில் வைத்தாள். செம்பின் கழுத்தில் அவள் அப்பா பெயரின் முதலெழுத்துகள். அதே புள்ளி, அதே இடைவெளி. எழுத்து முடிகிற இடத்தில் ஒரு புள்ளி மட்டும் ஆழமாக இறங்கியிருப்பதும் அதே மாதிரி. பாத்திரக் கடை வாசலில் உட்கார்ந்து சுத்தியலும் சின்ன உளியுமாக டக் டக்கென்று தட்டுகிற ஆளின் கை. ராணுவத்திலும் அதே கருவியை உபயோகித்திருக்கலாம் என்றேன். அவள் மறுபடி கொத்தவரங்காயைக் கையில் எடுத்தாள்.

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. எங்கள் பக்கத்துப் பெண்களுக்கு ஒரு வாட்ஸப் குழு இருக்கிறது. மாட்டுங்கா, செம்பூர், அணுசக்தி நகர் என்று எல்லா இடத்து மாமிகளும் அதில் இருக்கிறார்கள். ஏகாதசி எப்போது, நல்ல முருங்கைக்காய் எங்கே கிடைக்கும் என்றெல்லாம் பேசுவார்கள். என் மனைவி பூணைப் படம் எடுத்து, இந்த எழுத்துப் போட்ட பாத்திரம் யாராத்திலேயாவது இருக்கா என்று போட்டுவிட்டாள். நான் புத்தகங்களையும் கம்ப்யூட்டரையும் போட்டுப் புரட்டி, புனாக்காரரோடு மல்லுக்கட்டிக் கண்டுபிடிக்க முடியாதது, குக்கர் இறங்குவதற்குள் வந்துவிட்டது. செம்பூரிலேயே இரண்டு தெரு தள்ளி இருக்கும் ஒரு மாமி ஒரு பித்தளைத் தூக்கின் படத்தைப் போட்டிருந்தாள். அதே மூன்று எழுத்து. எம்மின் ஒரு கால் கொஞ்சம் குட்டையாக இருந்தது. என் பூணிலும் அது குட்டைதான். யாரோ ஒருத்தியின் சீமந்தத்துக்குத் தங்கள் வீட்டில் பாத்திரங்கள் வந்து சேர்ந்தபோது கலந்துபோய்த் தங்கிவிட்ட தூக்காம். மாட்டுங்காவில் ஒரு வீட்டுடையது என்று தெரியுமாம், கொடுக்க வேண்டும் கொடுக்க வேண்டும் என்று நினைத்து நாள் போய்விட்டதாம். விலாசமும் போட்டிருந்தாள்.

புனாக்காரர் வருவதற்குள் உண்மை தெரிந்தாக வேண்டும். எழுத்து வீட்டுக்காரர்களுடையது என்றே வைத்துக்கொண்டாலும் அம்பு ராணுவத்துடையதாக இருக்கலாம். பட்டாளத்தில் இருந்த யாரோ வீட்டுக்குக் கொண்டுவந்து, பிறகு பூணில் பெயர் வெட்டியிருக்கலாம். சொல்லப்போனால் அதுதான் இன்னும் உசத்தி. எங்கிருந்து வந்தது என்பதற்கே சாட்சி கிடைத்துவிடும். நான் இப்படி என்னைத் தேற்றிக்கொண்டு கிளம்பினேன். அது அவர்கள் வீட்டுச் சொத்து, கேட்டுவிட்டு அங்கேயே கொடுத்துவிட்டு வந்துவிடுங்கள் என்று மனைவி சொன்னாள். காசு கொடுத்து வாங்கியது என்றேன். சாமானில் பேர் இருக்கும்போது அப்படிப் பேசக்கூடாது என்றாள். புறப்படும் நேரத்தில் தூக்கு மாமி வேறு வாசலில் வந்து நின்றாள். போகிறீர்களே, இதையும் அப்படியே கொடுத்துவிடுங்கள் என்று தூக்கை நீட்டினாள். வெறும் பாத்திரமாகக் கொடுக்கக் கூடாதென்று உள்ளே தட்டை பொரித்து அடைத்திருந்தாள். ஒரு கையில் தூக்கு, மறு கக்கத்தில் குடை மாதிரி இடுக்கிய கட்டை, நடுவில் தேய்ந்த மூட்டு.

ஆட்டோக்காரர்கள் சயானோடு நிறுத்திவிடுவார்கள், அதற்கப்புறம் டாக்ஸி தேட வேண்டும் என்று ரயிலில் போனேன். செம்பூரில் ஏறி குர்லாவில் மாறினால் மாட்டுங்கா. யோசனை பண்ணும்போது சுலபமாகத்தான் இருந்தது. குர்லாவில் ஒரு பிளாட்பாரத்திலிருந்து இன்னொன்றுக்குப் போக மேம்பாலம் ஏற வேண்டும். கூட்டம் பின்னாலிருந்து தள்ள, பாதிப் படியில் மூட்டு கழன்றுவிட்டது போல ஆயிற்று. கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எல்லோரும் என்னை இடித்துக்கொண்டு போனார்கள். தலையில் மூட்டையோடு வந்த ஒருவன் மட்டும் நின்றான்.

"அரே சாச்சா, இஸ்கோ உட்டாக்கே க்யூ லே ஜா ரஹே ஹோ? டேக் கே சலோ நா" என்றான்.

தூக்கிக்கொண்டு போவானேன், ஊன்றிக்கொண்டு நடக்க வேண்டியதுதானே என்கிறான். சொசைட்டியில் சொன்னால் வரும் கோபம் அப்போது ஏனோ வரவில்லை. வலி அப்படி. கட்டையைக் கக்கத்தில் வைத்து ஊன்றினேன். உயரம் எனக்கு அளவெடுத்தது மாதிரி இருந்தது. கக்கத்தில் மட்டும் கொஞ்சம் குத்தியது. மேலே ஏறி, கீழே இறங்கி, வண்டி வந்து நின்றதும் வழக்கமான பெட்டியில் ஏறப்போனேன். நாலு பேர் சேர்ந்து என்னைத் தடுத்து ஊனமுற்றவர்களுக்கான ஹேண்டிகேப் டப்பாவைக் கை காட்டினார்கள். நான் அப்படிப்பட்டவன் இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் ஒரு கை என் முதுகைப் பிடித்து அந்தப் பெட்டியில் ஏற்றிவிட்டது. உள்ளே ஒரு பெண்மணி தன் கட்டையை நகர்த்தி எனக்கு இடம் விட்டாள். என்னை ஒரு பார்வைகூட அதிகமாகப் பார்க்கவில்லை. உட்கார்ந்தேன். உட்கார்ந்ததும் எவ்வளவு நாளாக நான் உட்காரத் தவித்துக்கொண்டிருந்தேன் என்று தெரிந்தது.

மாட்டுங்காவில் அந்த வீடு இரண்டாவது மாடி. பழைய கட்டடம், லிஃப்ட் கிடையாது. மணியை அடித்துவிட்டு மூச்சு வாங்கிக்கொண்டு நின்றேன். எண்பதை ஒட்டிய ஒரு மாமி கதவைத் திறந்தாள். முதலில் தூக்கைப் பார்த்தாள். வாங்கி, எழுத்தின்மேல் கட்டைவிரலை ஓட்டினாள். எத்தனை வருஷமாக இதைத் தேடுகிறேன் என்று ஆரம்பித்து, செம்பூர் மாமியின் குடும்பத்தையே விசாரித்து முடித்தாள். மூடியைத் திறந்து தட்டையை மோந்து, பெருங்காயம் தூக்கலாக இருக்கிறது என்றாள். பிறகுதான் என் கக்கத்துக்கு வந்தாள். அவளுக்கு ஆச்சரியமே இல்லை. வர வேண்டியது வந்திருக்கிறது என்கிற மாதிரி பார்த்தாள்.

நான் விஷயத்தைச் சொன்னேன். பழைய ராணுவ ஊன்றுகோல்களைச் சேர்க்கிறவன், தாராவியில் இதை வாங்கினேன், உங்கள் வீட்டில் யாராவது பட்டாளத்தில் இருந்தார்களா, எந்த ஆஸ்பத்திரியில் கொடுத்தார்கள் என்று ஒழுங்காகத்தான் கேட்டேன்.

"பட்டாளமா? எங்காத்துல எறும்பைக்கூட மிதிச்சதில்லை" என்றாள்.

அவள் அப்பா ரயில்வேயில் கிளார்க்காம். ஓடுகிற வண்டியில் ஏறப்போய் விழுந்து காலை முறித்துக்கொண்டார். பரேலில் ஒரு தச்சனிடம் சொல்லி ஒரு ஜோடி கட்டை செய்துகொண்டார். கால் கூடியதும் அதைத் தூக்கி எறிய மனசு வரவில்லை. அக்கம்பக்கத்துக் கட்டடங்களில் யாருக்குக் கால் முறிந்தாலும் அந்த ஜோடியைக் கொடுத்து அனுப்புவார். மாமியின் அக்கா கல்யாணத்துக்குப் பாத்திரம் வாங்கியபோது பேர் வெட்டுகிறவனிடம் கட்டையையும் நீட்டி, பாத்திரத்தோடு பாத்திரமாக இதிலும் வெட்டிவிடு என்றாராம். அப்போதுதான் போனது திரும்பி வரும். கடைசி எழுத்து அவர்கள் ஊர்ப் பெயரின் எழுத்து. இன்னொரு கட்டை இன்னும் வரவில்லை, யாராத்தில் இருக்கிறதோ என்றாள்.

மெடிக்கல் போயிற்று. மிச்சம் இருந்தது அம்பு ஒன்றுதான். அதைக் கேட்க எனக்குப் பயமாக இருந்தது. கேட்க வேண்டிய அவசியமே இல்லாமல் அவளே என்னைக் கீழும் மேலும் பார்த்தாள்.

"நீங்க திருப்பிப் போட்டுண்டு வந்திருக்கேள். குத்தலையா? அம்பு முன்னாடி பார்த்து இருக்கணும்" என்றாள்.

குறுக்குக் கட்டை தேய்ந்து சரியவில்லை. தச்சன் அப்படித்தான் இழைத்திருந்தான், சரிவு பின்பக்கம் வந்தால் கக்கத்தில் உறுத்தாது என்று. வாங்கிப் போகிறவர்கள் எல்லோரும் மாற்றி வைத்துக்கொண்டு வலிக்கிறது வலிக்கிறது என்று புலம்பினதால், எந்தப் பக்கம் முன்னால் என்று காட்ட அவள் அப்பா பேனாக் கத்தியால் ஓர் அம்பு கீறினாராம். அதனால்தான் அது படுத்திருந்தது. புனாக்காரர் முதல் வரியிலேயே கேட்டது இதைத்தான். ஒரு மழைக்காலம் முழுக்கக் கரடியாய்க் கத்தினேனே, அதை நினைத்தபோது அந்த வாசல்படியிலேயே உட்கார்ந்துவிடலாம் போலிருந்தது. வெட்கமாக இருந்தது. கோபமும் வந்தது. யார்மேல் என்று தெரியவில்லை. எந்த ஊன்றுகோலையும் பார்த்த மாத்திரத்தில் வைத்திருந்தவனின் காலைச் சொல்லிவிடுகிற நான், ஒன்றைக் கக்கத்தில் சரியாக வைத்துக்கொள்ளத் தெரியாமல் குர்லாவிலிருந்து வந்திருக்கிறேன்.

கட்டையை எடுத்து அவள் பக்கம் நீட்டினேன். உங்கள் வீட்டுச் சாமான், உங்களிடமே சேர வேண்டியது, வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். இனி அது என் அறையில் நிற்க முடியாது என்பதும் உண்மைதான். சொல்லும்போது மறு கையால் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். மாமி கட்டையைத் தொடவில்லை. நிலையைப் பிடித்திருந்த என் கையைப் பார்த்தாள், பிறகு மூட்டைப் பார்த்தாள்.

"இன்னும் நொண்டறேளே. கால் சரியானப்பறம் கொண்டுவந்து குடுத்தாப் போறும். பாதியில கொண்டுவந்தவாளை எங்கப்பா திருப்பி அனுப்பிச்சுடுவார்" என்றாள்.

நான் கடன் வாங்கினவன் இல்லை மாமி என்று சொல்லியிருக்கலாம். காசு கொடுத்தது, தாராவி, சேகரிப்பு என்று மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்திருக்கலாம். இந்த மூட்டு இனிமேல் சரியாகாது, டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துச் சொல்லிவிட்டார் என்றும் சொல்லியிருக்கலாம். இதுவரை எல்லோரும் ஒரு கோலை எடுத்துக்கொள்ளச் சொல்லி என்னைக் கிழவனாக்கினார்கள். இவள் ஒருத்திதான் கால் சரியாகும் என்று நினைத்துக்கொண்டு கொடுத்தாள்.

"சரி மாமி. சரியானதும் கொண்டுவரேன்" என்றேன்.

அவள் உள்ளே போய்த் தூக்கிலிருந்து இரண்டு தட்டையை எடுத்துவந்து வழிக்கு வைத்துக்கொள்ளச் சொல்லி என் சட்டைப் பையில் போட்டாள். நான் கட்டையைத் திருப்பிக் கக்கத்தில் வைத்துக்கொண்டேன். அம்பு முன்னால் பார்க்கிறதா என்று குனிந்து ஒருமுறை பார்த்துவிட்டுப் படியிறங்கினேன்.